சிக்மா கூட்டலில் கீழ் எல்லையைக் கவனியுங்கள்

கிருஷ்ணகிரிச் சாலையோரக் கடையில் மாம்பழக் கோபுரம்: உச்சியில் 1, அடுத்து 4, பிறகு 9 எனச் சதுரமாக 10 அடுக்கு. மொத்தப் பழங்களைச் சிக்மா (Σ, ‘எல்லாவற்றையும் கூட்டு’ என்னும் குறி) கொண்டு எழுதினால், கே = 1 முதல் 10 வரை, சிக்மா கே². கே தொடங்கும் எண் 1-தான் கீழ் எல்லை. பத்தாம் வகுப்புச் சூத்திரப்படி 10 × 11 × 21 ÷ 6 = 385.

மேல் 3 அடுக்கு விற்றுவிட்டால் கீழ் எல்லை கே = 4. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 4 வரையான கூடுதல் 30-ஐக் கழித்து 355 என்று எழுதிவிடுகிறார்கள். நான்காம் அடுக்கு இன்னும் விற்கவே இல்லையே! கழிக்க வேண்டியது 3 வரையான 14 மட்டும், விடை 371. கூட்டும் உறுப்புகளின் எண்ணிக்கையும் 10 − 4 = 6 அல்ல; ஒன்று கூட்டி 7.

சந்தேகம் வந்தால் சூத்திரத்தைத் தொடுமுன் 16 + 25 + … + 100 என்று இரு முனைகளையும் விரித்து எழுதிவிடுங்கள். அரை நிமிட வேலைதான்.