பத்து சிலபிளில் ஒரு வரி: அயம்பிக் பென்டாமீட்டர் பழகலாம்

அயம்பிக் பென்டாமீட்டர் என்பது ஆங்கிலக் கவிதையில் பத்து சிலபிள் கொண்ட ஒரு வரியளவு. முதலில் யாப்பிலக்கண அசையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். 'மழை' நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு சிலபிள். அங்கே வாயில் எத்தனை உயிரொலி வருகிறதோ அத்தனை சிலபிள், அவ்வளவுதான்.

1. எண்ணுங்கள். மோவாய்க்குக் கீழே கையை வைத்துச் சொல்லைச் சொன்னால், சிலபிளுக்கு ஒருமுறை தாடை இறங்கும். நாம் சறுக்கும் இடம் மெய்ம்மயக்கம். 'ஃபிலிம்', 'இஸ்கூல்' என்று நடுவிலோ முன்னாலோ ஓர் உயிரைச் சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுமே ஒரு சிலபிள். இறந்தகால விகுதியும் அப்படியே: 'வாஷ்ட்' ஒன்று, 'வான்டட்' இரண்டு. t, d ஒலிகளில் முடியும் வினைக்கு மட்டுமே விகுதி தனி சிலபிளாகும். 'எவ்ரி' இரண்டாகவும் மூன்றாகவும் நீளும். வரிக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளலாம்.

2. அழுத்தம் பாருங்கள். பெரும்பாலான பிரிட்டிஷ் அகராதிகளில் உச்சரிப்புக் குறிப்பின் மேற்பக்கம் ஒரு சிறு கோடு இருக்கும். அதை அடுத்து வரும் சிலபிளைத்தான் அழுத்த வேண்டும். 'டேபிள்' முதலில், 'கிட்டார்' இரண்டாவதில்.

3. வரியைக் கட்டுங்கள். மெலிது (அழுத்தமில்லாதது), வலிது (அழுத்தமுள்ளது) என இரண்டு சிலபிள் சேர்ந்தது ஒரு சீர். அதன் பெயர் அயம்ப். ஐந்து அயம்ப், ஒரு வரி.

தி ரெய்ன் | ஹாஸ் கம் | அண்ட் வாஷ்ட் | மை ஓல்ட் | கிட்டார்

ரெய்ன், கம், வாஷ்ட், ஓல்ட், டார்: மேசையில் தட்டினால் ஐந்து தட்டு. இதையே '…வாஷ்ட் மை கிட்டார் கிளீன்' என்று முடித்துப் பாருங்கள். எண்ணிக்கை அதே பத்து. ஆனால் எட்டாவது இடத்தில் 'கி' வந்து நிற்கிறது, வலிய 'டார்' ஒன்பதுக்குத் தள்ளப்படுகிறது, தாளம் தடுமாறுகிறது. புதிதாக எழுதுபவர்களின் வரிகள் பெரும்பாலும் இங்கேதான் நொண்டும். விரல் விட்டு எண்ணினால் சரியாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாது.

4. பிறகு மீறுங்கள். முதல் சீரை வலிது, மெலிது என்று திருப்பிப் போடுவது பழைய வழக்கம். வரிக்கடைசியில் ஒரு மெலிந்த சிலபிள் கூடினாலும் குற்றமில்லை: ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் 'டு பீ, ஆர் நாட் டு பீ' என்று தொடங்கும் வரியில் பதினொன்று உண்டு. வரியின் நடுவே இரண்டு இடத்தில் திருப்பினால் மட்டும் காது வழி தவறிவிடும்.

பத்து கனமாகத் தெரிந்தால் 8, 6, 8, 6 என்று நான்கு வரி எழுதிப் பழகலாம். 'அமேசிங் கிரேஸ்' பாட்டின் அளவு அதுதான். எழுதியதை அதே மெட்டில் பாடிப் பாருங்கள்; எங்கே இழுக்க வேண்டியிருக்கிறதோ அந்தச் சொல்லை மாற்றுங்கள்.