முதல் ட்வென்டி டூ ரைஃபிள் வாங்கப் போறீங்களா? கம்மி காசுல எது, எப்படிப் பாத்து வாங்குறது

டெக்சாஸ் பக்கம் நம்ம ஆளுங்க வீட்டு விசேஷத்துல சாப்பிட்டுட்டு உக்காந்தா இப்பல்லாம் யாராவது ஒருத்தராவது "அண்ணா, நானும் ஒரு ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன், முதல்ல எது வாங்கட்டும்"னு ஆரம்பிச்சிடுறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய் வலிக்க சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடலாம்னு இது. ட்வென்டி டூன்னா பாயிண்ட் டூ டூ (.22) அளவு குட்டித் தோட்டா போடற ரைஃபிள், இங்க நான் சொல்றது அதுல செமி ஆட்டோ வகை, அதாவது ஒன்னு சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறுறது. அமெரிக்கால இருக்கறவங்களுக்கு மட்டும்தான், ஊர்ல சட்டமே வேற.

ஸ்டெப் 1: உங்களால வாங்க முடியுமான்னு பாருங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இது. ஹெச் ஒன் பி, எஃப் ஒன் மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருந்தா ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வாங்கவும் கூடாது, கையில வச்சிருக்கவும் கூடாது. ஷூட்டிங் ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்து சுடுறதுக்கும் இதே கதைதான், நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. ஏதாவது ஒரு ஸ்டேட்டோட செல்லுபடியான ஹன்ட்டிங் லைசென்ஸ் இருந்தா அது ஒரு விதிவிலக்கு, ஆனா அதை நம்பி இறங்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க, விசா விஷயத்துல விளையாட வேணாம். கிரீன் கார்டு இருந்தா பிரச்சனை இல்ல. 18 வயசு ஆகியிருக்கணும், லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட 4473ங்கற ஃபார்ம் நிரப்பணும், பேக்ரவுண்ட் செக் பெரும்பாலும் சில நிமிஷத்துல முடிஞ்சிடும்.

இது ஃபெடரல் கணக்கு. ஸ்டேட் ஸ்டேட்டா மாறும். வாஷிங்டன் ஸ்டேட்ல செமி ஆட்டோ ரைஃபிள்னா ட்வென்டி டூவா இருந்தாலும் 21 வயசு. நியூயார்க்ல 2022ல இருந்து செமி ஆட்டோ ரைஃபிள் வாங்க தனி லைசென்ஸ். இல்லினாய்ல வாங்கறதுக்கு ஒரு கார்டு வேணும், நியூ ஜெர்சில இன்னொரு கார்டு.

ஸ்டெப் 2: ஏன் ட்வென்டி டூ?

காலேஜ்ல என்சிசில இருந்தவங்க பாயிண்ட் டூ டூ சுட்டிருப்பீங்க, அதுல ஒவ்வொரு தடவையும் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ள தள்ளி அடைக்கிற இரும்புத் துண்டை, இழுத்துத் தள்ளணும். செமி ஆட்டோல அந்த வேலைய துப்பாக்கியே பாத்துக்கும், ட்ரிக்கரை ஒரு தடவை இழுத்தா ஒரே ஒரு ரவுண்டு போகும், அடுத்தது தானா ஏறி நிக்கும். ட்வென்டி டூ ரிம்ஃபயர் வகை, அதாவது பத்த வைக்கிற மருந்து தோட்டாவோட அடி விளிம்புக்குள்ள இருக்கு, ஃபயரிங் பின் நடுவுல அடிக்காது, ஓரத்துல அடிக்கும். அந்த விளிம்பு நசுங்கணும்னா தகடு மெல்லிசா இருக்கணும், மெல்லிசா இருந்தா அதிக பிரஷர் தாங்காது, அதனாலதான் சத்தமும் கம்மி, தோளுல உதையும் கிட்டத்தட்ட இல்ல.

முக்கியமான விஷயம் காசு. ட்வென்டி டூ எல்ஆர்ங்கற சாதா ட்வென்டி டூ தோட்டா ஒன்னு சுமாரா 7ல இருந்து 10 சென்ட் வரும், ஏஆர் 15ங்கற மிலிட்டரி மாதிரி ரைஃபிளுக்கு போடறது அதோட நாலஞ்சு மடங்கு. யானைய வாங்கிக் கட்டிட்டு தீனிக்கு முழிக்கிறதுக்கு பதிலா ஆட்டுக்குட்டி வாங்குங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதனாலதான். ஆனா பொம்மைன்னு நினைச்சிடாதீங்க, தோட்டாப் பெட்டியிலயே ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு போட்டிருப்பான்.

ஸ்டெப் 3: எது?

கண்ணை மூடிட்டு சொல்லணும்னா ரூகர் 10/22. 1964ல இருந்து வருது, சாதா மாடல் கடைக்குக் கடை மாறி 300 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். நான் அதுல மயங்குனது அதோட மேகசின்ல, அதாவது தோட்டா அடைச்சு மாட்டுற பெட்டியிலதான். உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு குட்டிக் கட்டை, உள்ள ஒரு சக்கரம் சுத்தும், 10 ரவுண்டும் அதோட பள்ளத்துல தனித்தனியா உக்காந்திருக்கும், ஒன்னோட விளிம்பு இன்னொன்னுல மாட்டாது. ரிம்ஃபயர்ல நிறைய ஜாம் அந்த விளிம்பு மாட்டுறதாலதான் வருது. மாட்டுனா துப்பாக்கிக்கு வெளிய துருத்தாது. உதிரி பார்ட்ஸ் எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

இன்னும் கம்மியா வேணும்னா சாவேஜ் 64, ராசி ஆர்எஸ் 22, ரெண்டும் 200க்குள்ள பாக்கலாம். சுடும், நல்லாவே சுடும், ட்ரிக்கர்தான் கொஞ்சம் கரடுமுரடு. இடது கைக்காரங்க சாவேஜ்ல இடது கை மாடல் இருக்கான்னு கேளுங்க, மத்ததுலல்லாம் சுட்ட தோட்டாவோட காலி கேஸ் மூஞ்சிக்கு முன்னாடி பறக்கும். ஏஆர் மாதிரி லுக் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி 15-22, ஆனா அது 400க்கு மேல, லுக்குக்கு நூறு டாலர் குடுக்கறது உங்க இஷ்டம்.

பழசுல மார்லின் 60. 1960ல இருந்து 2020 வரைக்கும் கோடிக்கு மேல செஞ்சிருக்காங்க, அதனால பான் ஷாப் (அடகுக் கடை) எல்லாத்துலயும் ஒன்னு சாத்தி வச்சிருப்பாங்க. இதுல கழட்டுற மேகசின் கிடையாது, பேரலுக்கு அடியில ஒரு குழாய், உள்ள இருக்கற பித்தளைக் குழாயை உருவி ஒவ்வொன்னா போடணும். குறி சுத்தம். ஆனா காலி பண்றது தொல்லை, குழாயைக் கவுத்துட்டேன் முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க, உள்ள ஒன்னு உக்காந்திருக்கும். முதல் துப்பாக்கியா இதை நான் சிபாரிசு பண்ணாததுக்கு இது ஒன்னுதான் காரணம்.

ஸ்டெப் 4: கடையில கையில எடுத்ததும்

கடைக்காரர் காலின்னு காட்டித்தான் தருவாரு, இருந்தாலும் நீங்களும் மேகசினை எடுத்துட்டு போல்ட்டை இழுத்து உள்ள பாருங்க, வெக்கப்படாதீங்க, பாக்காதவனைத்தான் அவங்க முறைப்பாங்க. முனை யார் பக்கமும் போகக் கூடாது, விரல் ட்ரிக்கருக்கு வெளிய. தோளுல வச்சு கண்ணை மூடித் திறங்க, குறி நேரா தெரியுதா, கழுத்தை நீட்ட வேண்டியிருக்கா? நீட்டணும்னா உங்க சைஸ் அது இல்ல.

பழசா இருந்தா போல்ட்டைத் திறந்து வச்சு பேரலுக்குள்ள லைட் அடிச்சுப் பாருங்க. நான் முதல்ல வாங்குன பழசு வெளிய கண்ணாடி மாதிரி பாலிஷ், உள்ள பாதி தூரத்துல ஒரு கறுப்பு வளையம், வீட்டுக்கு வந்துதான் பாத்தேன், 140 டாலர் போச்சு. அப்புறம், ட்வென்டி டூவை தோட்டா இல்லாம சும்மா க்ளிக் க்ளிக்னு அடிச்சுப் பாக்காதீங்க, ஃபயரிங் பின் போய் சேம்பர் (தோட்டா உக்காரற இடம்) விளிம்பை இடிக்கும். 10/22க்கு பரவாயில்லன்னு ரூகர் மேனுவல்லயே இருக்கு, மத்ததுக்கு கேட்டுட்டு.

பட்ஜெட் 300ன்னா 300க்கும் துப்பாக்கிய வாங்கிடாதீங்க. கண்ணாடி, காது மூடி, ரெண்டு எக்ஸ்ட்ரா மேகசின், க்ளீனிங் சாமான், பூட்டு. வீட்டுல குழந்தைங்க இருந்தா பூட்டுற பெட்டி கட்டாயம், தோட்டா வேற இடத்துல.

ஸ்டெப் 5: அதுக்குப் பிடிச்ச தோட்டாவைக் கண்டுபிடிங்க

இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. செமி ஆட்டோ ட்வென்டி டூ ஒவ்வொன்னுக்கும் ஒவ்வொரு நாக்கு. நான் பேராசைப்பட்டு மலிவா ஒரு பெரிய டப்பா அள்ளிட்டு வந்தேன், பத்துக்கு ஒன்னு காலி கேஸ் வெளிய போகாம புகைபோக்கி மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது, துப்பாக்கியத்தான் திட்டினேன், கடைசில பாத்தா தோட்டாதான். போல்ட்டைப் பின்னாடி தள்ள வேகம் வேணும், அதனால ஹை வெலாசிட்டில ஆரம்பிங்க, சிசிஐ மினி-மேக் மாதிரி. நாலஞ்சு பிராண்டுல 50 தோட்டா பெட்டி ஒவ்வொன்னு வாங்கி, 25 யார்டுல பெஞ்சு மேல வச்சு அஞ்சு அஞ்சா சுட்டு, டார்கெட்லயே பிராண்டு பேரை எழுதிக்கங்க. க்ளிக்னு கேட்டு வெடிக்கலன்னா உடனே திறக்காதீங்க, முனைய டார்கெட் பக்கமே வச்சு 30 செகண்ட் நில்லுங்க. ஈயம் கையில ஒட்டும், சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கழுவணும். எதுல ஓட்டை ஒன்னுக்கொன்னு நெருக்கமா விழுந்து ஜாமும் ஆகலையோ, அந்தப் பெட்டியோட அட்டையைக் கிழிச்சு துப்பாக்கிப் பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிடுங்க, அடுத்த தடவை கடைக்குப் போறப்போ அதைக் காட்டி வாங்கிக்கலாம்.