ஓட்டு கேட்டு வர்றவங்க கிட்ட டீச்சர் சம்பளத்த பத்தி எப்டி கேக்கறது?

டீச்சருங்க போராட்டம்னு நியூஸ் வந்தாலே "கவர்மென்ட் சம்பளம் வாங்கிட்டு இன்னும் என்னவாம்"னு கமென்ட் போடறவங்க தான் ஜாஸ்தி. ஆனா அந்த சம்பளத்த முடிவு பண்றவங்கள அனுப்பறது நாம தானே, டீச்சருங்க அரசு ஊழியர் நடத்தை விதிக்கு பயந்து கட்சி மேடை ஏற முடியாது, அப்ப நாம தான் வாய தொறக்கணும்.

மொதல்ல உங்க ஊர் ஸ்கூல்ல யாரு எந்த கணக்குல சம்பளம் வாங்கறாங்கனு பாருங்க. எஸ்எம்சி, அதான் பள்ளி மேலாண்மைக் குழு, மீட்டிங்குக்கு போனீங்கனா (கையெழுத்து போட்டுட்டு ஓடி வராம கொஞ்ச நேரம் உக்காந்தா) பேச்சுவாக்குல தெரிஞ்சுரும். ஒண்ணாங்கிளாஸ் எடுக்கற ரெண்டு இடைநிலை ஆசிரியர், ஒருத்தர் 2009 மே 31க்குள்ள சேந்தவர், அவருக்கு அப்ப அடிப்படை ஊதியம் 8,370. இன்னொருத்தர் ஜூன் 1லேந்து சேந்தவர், அவருக்கு 5,200. அதே படிப்பு, அதே பாடம், 3,170 ரூபா வித்தியாசம், ஏழாவது ஊதியக்குழுவுல எல்லாத்தயும் 2.57ஆல பெருக்குனப்ப அந்த இடைவெளியும் கூடவே வீங்கிருச்சு, டிஏ (அகவிலைப்படி) வேற அதுக்கு மேல. இது போக 2012ல 5,000 ரூபாய்க்கு எடுத்த பகுதிநேர ஆசிரியருங்க, 2022ல எஸ்எம்சி மூலமா 7,500 ரூபாய்க்கு எடுத்த தற்காலிக ஆளுங்க. அதனால "டீச்சர் சம்பளம்"னு மொத்தமா கேக்காதீங்க, யாரோட சம்பளம்னு சொல்லி கேளுங்க.

யார்கிட்ட கேக்கணும்? எம்எல்ஏவுக்கு நிக்கறவர்கிட்ட. சம்பள ஜிஓ (அரசாணை) போடறது மாநில அரசு, வார்டு மெம்பர புடிச்சு உலுக்கி பிரயோஜனம் இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். "செய்வீங்களா"னு கேட்டா எல்லாரும் "கண்டிப்பா"னு கும்பிடு போட்டுட்டு அடுத்த வீட்டுக்கு போயிருவாங்க. 2021 திமுக தேர்தல் அறிக்கையில இந்த சம வேலைக்கு சம ஊதியம் 311வது வாக்குறுதி, பகுதிநேரம் நிரந்தரம் 181வது, நம்பர் போட்டே குடுத்தாங்க, அப்புறம் சம ஊதியத்துக்கு 2023 ஜனவரியில மூணு பேர் கமிட்டி தான் வந்துச்சு. கமிட்டினா என்னனு நமக்கு தெரியாதா. அதனால மூணே கேள்வி: எந்த மாசத்துலேந்து, எத்தன பேருக்கு, காசு எங்கேந்து. கடைசி கேள்விக்கு "அதெல்லாம் நீ ஏன் கேக்கற"னு மொறச்சா, 2013ல நம்ம ஊர் இலவச டிவி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லித்தான் தேர்தல் கமிஷன் தேர்தல் அறிக்கைக்கு விதி கொண்டாந்துச்சு, வாக்குறுதிக்கு பணம் வர்ற வழியயும் சொல்லணும்னு அதுலயே இருக்குனு சொல்லுங்க. பதில போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கங்க, ஆனா அவங்களுக்கு தெரியற மாதிரி பண்ணுங்க.

ஜெயிச்சப்புறம் மானியக் கோரிக்கை எண் 43, அதான் பள்ளிக் கல்வித் துறைக்கு பணம் ஒதுக்கறது, சட்டசபைக்கு வர்ற அன்னிக்கு உங்க எம்எல்ஏ இத பத்தி வாய தொறந்தாரானு கவனிங்க. ஒண்ணும் அசையலனா பத்து ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, ஆன்லைன்லயும் போடலாம். அதுல "ஏன் இன்னும் குடுக்கல"னு எழுதினா தகவல் வரையறைக்குள் வராதுனு ஒரு வரியில திருப்பி அனுப்பிருவாங்க, "கமிட்டி குடுத்த அறிக்கையோட நகல், அது மேல எடுத்த நடவடிக்கையோட கோப்புக் குறிப்பு நகல்"னு காகிதத்தோட பேரச் சொல்லி கேளுங்க.