இளவரசி உடுத்தியிருப்பதைப் பார்த்து விஷயத்தைப் பிடிப்பது எப்படி

2011 ஜூலை 1, கனடா தினம், ஒட்டாவா. பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமைக் கல்யாணம் செய்து இரண்டே மாதம் ஆன கேட் மிடில்டன் வெள்ளை உடுப்பும் சிவப்புத் தொப்பியுமாக வந்து இறங்குகிறார். படத்தைப் பார்த்த பாதிப் பேர் "அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் அதே படத்தில் மூன்று விஷயம் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் கனடாக் கொடியின் நிறம், தொப்பியிலேயே மேப்பிள் இலை வேறு. மார்பில் குத்தியிருக்கும் வைர மேப்பிள் இலை புரோச் அவருடையது இல்லை, எலிசபெத் ராணி இரவல் கொடுத்தது. 1939ல் ராணியின் அப்பா ஆறாம் ஜார்ஜ் கனடா போகும்போது தன் மனைவிக்காக வாங்கியது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: அந்த வெள்ளை உடுப்பு புதுசே இல்லை. ரீஸ் என்ற ஆயத்த ஆடைக் கடையில் வாங்கியது, நிச்சயதார்த்தப் படத்தில் ஏற்கெனவே உலகமே பார்த்தது.

ஐரோப்பிய அரச குடும்பத்துப் பெண்கள் உடுத்துவதை இப்படி வாசிக்கப் பழகிவிட்டால் அப்புறம் வெறும் ஃபேஷன் படமாகப் பார்க்கவே முடியாது. அது அவர்களுடைய வேலைக்கான உடுப்பு. போலீஸ்காரர் தோள்பட்டையைப் பார்த்துப் பதவி சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரி. எங்கிருந்து ஆரம்பிப்பது, எதைத் தேடுவது, முக்கியமாக எங்கே நிறுத்திக்கொள்வது என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

முதலில் உடுப்பைப் பார்க்காதீர்கள். இடம், நேரம், யார் வீட்டு விசேஷம், இந்த மூன்றையும் பாருங்கள். பகல் என்றால் தொப்பி, கோட், முழங்கால் தாண்டிய நீளம். மாலை ஆறு மணிக்கு மேல் அரண்மனை விருந்து என்றால் தொப்பி போய்விடும், டியாரா என்கிற சின்னக் கிரீடம் மாதிரியான தலை நகையும் தரை தொடும் கவுனும் வரும். பிரிட்டனில் டியாரா பொதுவாகக் கல்யாணமான பெண்களுக்கு, இல்லாவிட்டால் கல்யாணத்தன்று மணப்பெண்ணுக்கு. ஐரோப்பாவின் மற்ற அரண்மனைகளில் பதினெட்டு வயதானாலே போதும்: 2022 ஜூனில் நார்வே இளவரசி இங்ரிட் அலெக்சாண்ட்ராவின் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்துக்கு நெதர்லாந்து அமாலியா, பெல்ஜியம் எலிசபெத் எல்லாருமே டியாராவோடுதான் வந்தார்கள். யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

அடுத்தது நிறம். இதில் பாடப்புத்தகம் மாதிரி ஒரு பயணம் இருக்கிறது. 2011 மே மாதம் எலிசபெத் ராணி அயர்லாந்துக் குடியரசுக்குப் போனார். அதற்கு முன் பிரிட்டிஷ் அரசர் ஒருவர் டப்ளின் மண்ணை மிதித்தது 1911ல், அன்று அது இன்னும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஊர். நடுவில் ரத்தம் சிந்திய ஒரு நூறு வருஷம். விமானத்திலிருந்து இறங்கியவர் தலையிலிருந்து முழங்கால் வரை பச்சை. மறுநாள் டப்ளின் கோட்டை விருந்துக்கு வெள்ளை கவுன், அதில் கையால் தைத்த 2,091 பட்டு ஷாம்ராக் இலைகள் (அயர்லாந்தின் அடையாளமான மூவிலை), தோளில் ஐரிஷ் யாழ் வடிவத்தில் ஒரு புரோச். மேடையில் ஐரிஷ் மொழியில் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே உடுப்பு பாதியைப் பேசி முடித்துவிட்டது.

ஆனால் எல்லா நிறத்துக்கும் இப்படி ஆழமான அர்த்தம் தேடாதீர்கள். அதே ராணி 2016ல் தன் தொண்ணூறாவது பிறந்தநாள் அணிவகுப்புக்குக் கண்ணைப் பறிக்கும் பளீர் பச்சையில் வந்தார், அதற்கு அயர்லாந்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை. கூட்டத்தில் பத்தாவது வரிசையில் காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறவருக்கு ஒரு பொட்டாவது தெரியணுமே, அதற்குத்தான். அவர் குடையைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடி மாதிரித் தெரியும் குடை, ஓரத்தில் மட்டும் அன்றைய கோட்டின் நிறத்தில் ஒரு கோடு. மழை பெய்தாலும் முகம் மறையாது.

நிறத்தில் ஒரே ஒரு கறாரான விதி உண்டென்றால் அது வத்திக்கானில்தான். போப்பைப் பார்க்கப் போகும் பெண்கள் கறுப்பு உடுத்துவது பழைய வழக்கம். வெள்ளை உடுத்தலாம் என்ற உரிமை கத்தோலிக்க அரச குடும்பங்களின் ஒரு சில பெண்களுக்கு மட்டும். 2025 மே 18, போப் பதினான்காம் லியோ பொறுப்பேற்ற திருப்பலிப் படத்தை எடுத்துப் பாருங்கள். கறுப்புக் கூட்டத்தில் ஸ்பெயின் லெதீசியா, பெல்ஜியம் மத்தில்ட், மொனாக்கோ ஷார்லீன் எல்லாம் வெள்ளை. அதற்கு மூன்று வாரம் முன்னால் போப் பிரான்சிஸின் இறுதிச் சடங்கில் இதே பெண்கள் கறுப்பில் இருந்தார்கள், துக்க வீட்டில் சலுகை கிடையாது. இங்கிலாந்து ராணி கத்தோலிக்கர் இல்லை, ஆகவே 1961ல் கறுப்பு கவுனோடு போனார். 2014ல் பிரான்சிஸைப் பார்க்கப் போனபோது வெளிர் ஊதா கோட்டும் தொப்பியுமாகப் போய்விட்டு வந்தார். ஐம்பத்து மூன்று வருஷத்தில் விதி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை அந்த இரண்டு படத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

சரி, அப்புறம் தைத்தது யார் என்று பாருங்கள். மத்தில்ட் என்றால் பெரும்பாலும் நாத்தான், பிரஸ்ஸல்ஸ் கடை, 1999ல் அவர் கல்யாண உடுப்பைத் தைத்ததே அந்தக் கடையின் எதுவார்ட் வெர்மூலன்தான். நெதர்லாந்து மாக்ஸிமா பக்கத்து நாட்டு நாத்தானையும் நிறைய உடுத்துவார், ஆனால் 2013 ஏப்ரல் 30, கணவர் அரசராகப் பொறுப்பேற்ற நாள் என்று வந்தபோது டச்சுக்காரரான யான் தாமினியாவ் தைத்த நீல கவுனும் நீள மேலங்கியும்தான். பெரிய நாள் என்றால் சொந்த ஊர்த் தையல்காரர், இது ஏறக்குறைய எல்லா நாட்டிலும் உண்டு. கேட்டின் கல்யாண உடுப்பைத் தைத்தது அலெக்ஸாண்டர் மெக்வீன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சாரா பர்டன். லேஸ் வேலை ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க். லேஸில் ரோஜா, முள்பூ, டாஃபோடில், ஷாம்ராக் என்று பிரிட்டனின் நான்கு பகுதிகளும் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. லெதீசியா ஸாரா கடை உடுப்பை உடுத்தினால் "எளிமையான ராணி" என்று உருகி உருகி எழுதுவார்கள். எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஸாரா கலீசியாவில் பிறந்த ஸ்பானிஷ் கம்பெனி, மாங்கோ என்ற இன்னொரு உடுப்புக் கடையும் பார்சிலோனாவில் பிறந்தது. ஸ்பெயின் ராணி ஸ்பெயின் சரக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். சிக்கனமும் விளம்பரமும் ஒரே ஹேங்கரில் தொங்குகிறது, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பயணம் என்றால் இதே கணக்கு திரும்பும்: 2016ல் கேட் மும்பை ஓவல் மைதானத்தில் கிரிக்கெட் மட்டையைப் பிடித்தபோது உடுத்தியிருந்தது இந்தியரான அனிதா டோங்ரே தைத்தது, ஆளாளுக்கு வாங்கப் பாய்ந்ததில் அவர்கள் இணையதளமே முடங்கிப்போனது.

மறுபடி உடுத்துவதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமான பகுதி. "போன கல்யாணத்துக்கும் இதே புடவைதானே கட்டியிருந்தே" என்று கேட்கிற அத்தை எல்லா ஊரிலும் இருப்பார் போல, பழைய பத்திரிகைகள் அரண்மனைப் பெண்களை அப்படித்தான் நோண்டின. இப்போது அதே விஷயம் பாராட்டாகிவிட்டது. கண்டுபிடிப்பது எப்படி என்றால், நிறத்தையும் தோளையும் பிடியுங்கள், மற்றதெல்லாம் மாறியிருக்கும். கேட் 2019ல் பிரிட்டனின் பாஃப்டா சினிமா விருது விழாவுக்கு ஒற்றைத் தோள் வெள்ளை மெக்வீன் கவுனில் வந்தார், தோளில் துணிப் பூக்கள். 2023ல் அதே விழா, அதே கவுன், ஆனால் பூவை எடுத்துவிட்டு நீளமாகத் தொங்கும் துணி, முழங்கைக்கு மேலே வரை கறுப்புக் கையுறை. காதில் ஸாரா தோடு, இருபது பவுண்டுக்கும் குறைவு. கையுறையைப் பற்றி எழுதித் தள்ளியவர்களில் பலர் கவுனைக் கவனிக்கவே இல்லை.

இன்னொரு வகை, அம்மாவின் பீரோவைத் திறப்பது. ஸ்வீடன் விக்டோரியா 2018 நோபல் விருந்துக்கு உடுத்தியது அம்மா சில்வியா 1995 நோபல் விருந்துக்கு உடுத்திய நீனா ரிச்சி கவுன். எலிசபெத்தின் பேத்தி பியாட்ரிஸ் 2020 ஜூலையில் பாட்டிக்கு நார்மன் ஹார்ட்னெல் தைத்த கவுனிலேயே கல்யாணம் செய்துகொண்டார், அது பாட்டி 1962ல் ஒரு படத்தின் முதல் காட்சிக்குப் போட்டது. கை புதிதாக வைத்துத் தைத்தார்கள். ஆனால் இந்தப் போட்டியில் எலிசபெத்தின் மகள் இளவரசி ஆன் என்பவரை யாரும் தொடமுடியாது. 1981ல் அண்ணன் சார்லஸின் கல்யாணத்துக்குப் போட்ட பூப்போட்ட உடுப்பை 2008ல் இன்னொரு உறவுக்காரக் கல்யாணத்துக்கு அப்படியே போட்டுக்கொண்டு வந்து நின்றார். இருபத்தேழு வருஷம்! பொத்தான்கூடப் பிதுங்கவில்லை.

நகைக்கு வருவோம். நகையில் விலையைக் கேட்காதீர்கள், யாருடையது என்று கேளுங்கள். கேட் கல்யாணத்தன்று வைத்த டியாரா 1936ல் கார்ட்டியர் நகைக் கடை செய்தது, ராணியின் இரவல். ஸ்வீடனில் சில்வியா 1976லும் விக்டோரியா 2010லும் மணப்பெண்ணாக வைத்தது ஒரே கேமியோ (உருவம் செதுக்கிய கல்) டியாரா, இருவருடைய கல்யாணத் தேதியும் ஜூன் 19தான். கேட்டின் விரலில் இருக்கும் பன்னிரண்டு காரட் நீலக்கல் டயானாவுடைய நிச்சய மோதிரம் என்பது எல்லாருக்கும் தெரியும், அது இலங்கைக் கல் என்பதை நம்மவர்களே பலர் மறந்துவிடுகிறோம். வில்லியமின் தம்பி ஹாரியைக் கட்டிய மேகனின் கல்யாண முக்காட்டையும் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள்: ஐந்து மீட்டர் துணியின் ஓரத்தில் காமன்வெல்த்தில் அப்போதிருந்த 53 நாடுகளுக்கும் ஒவ்வொரு பூ, இந்தியாவுக்குத் தாமரை, இலங்கைக்கு நீலோற்பலம்.

விருந்துப் படத்தில் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஓடும் பட்டையை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது விருது. அரசுமுறைப் பயணத்தில் விருந்தாளி வீட்டுக்காரர் கொடுத்த பட்டையையும், வீட்டுக்காரர் விருந்தாளி கொடுத்ததையும் போடுவது மரியாதை. வெளிர் நீலப் பட்டையும் அதன் கீழே குட்டி வெள்ளை யானையும் தெரிந்தால் டென்மார்க்கின் யானை விருது. யானையின் கழுத்தில் பாகன்கூட உட்கார்ந்திருப்பான். தோளில் ரிப்பனில் குத்திய சின்ன ஓவியம் இருந்தால் அது அரசரோ ராணியோ தன் குடும்பப் பெண்களுக்குத் தரும் அடையாளம். பிரிட்டனில் ரிப்பன் மஞ்சள் என்றால் எலிசபெத் தந்தது, வெளிர் நீலம் என்றால் சார்லஸ் தந்தது.

தைத்த விதத்தையும் ஒரு பார்வை பாருங்கள். முன்னே சொன்ன அதே கனடாப் பயணத்தில், ஒட்டாவாவுக்கு ஒரு வாரம் கழித்து, கால்கரி விமான நிலையத்தில் காற்று அடித்து கேட்டின் மஞ்சள் உடுப்பு மேலே ஏறிவிட்டது; அந்தப் படத்தைப் போடாத பத்திரிகை இல்லை. கணவரின் பாட்டியிடம் இதற்கு மருந்து இருந்தது. எலிசபெத்தின் பாவாடை அடிமடிப்பில் திரைச்சீலைக்கு வைக்கிற சின்ன ஈயக் குண்டுகளை உள்ளே வைத்துத் தைத்திருப்பார்கள். நாம் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கனம்தான் கூட.

இப்போது எங்கே நிறுத்துவது. 2017 ஜூனில் நாடாளுமன்றத் திறப்புக்கு எலிசபெத் நீலத் தொப்பியில் வந்தார், அதில் மஞ்சள் நடுவோடு சின்னச் சின்னப் பூக்கள், பார்க்க ஐரோப்பிய ஒன்றியக் கொடி மாதிரியே. பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்து ஒரு வருஷம். ராணி வாயைத் திறக்காமல் கருத்து சொல்லிவிட்டார் என்று ஊரே பேசியது, நானும் ரொம்ப நாள் அதை நம்பி நாலு பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு உடுப்பு தயாரித்த ஏஞ்சலா கெல்லி, அது தற்செயலாக அமைந்தது என்று 2019ல் எழுதிவிட்டார். மானம் போனது எனக்கு. ஆகவே என் கணக்கு இதுதான்: நாடு, கொடி, பூ, பட்டை என்று வெளிப்படையாகத் தெரிவதை நம்பலாம், "இன்னாரைக் குத்துவதற்காக இந்த புரோச்" என்று யாராவது ஆரம்பித்தால் கேட்டு ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

சில சமயம் அரசியலே இல்லாமல் சொந்த ஆசைக்காகவும் தைத்துக்கொள்வார்கள், அதையும் தேடிப் பாருங்கள். பயிற்சிக்கு 2023 மே 6, சார்லஸின் முடிசூட்டு விழாவில் அவர் மனைவி கமிலா உடுத்திய புரூஸ் ஓல்ட்ஃபீல்ட் கவுன் நல்ல படம். காட்டுப் பூக்கள் தெரியும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் தங்க நூலில் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் கீழே வந்தால் அவர் வளர்த்த இரண்டு நாய்களும் அங்கே இருக்கும்.