ரெனகேடா, அவுட்லாண்டரா: ஃபோர் வீல் ஏடிவி வாங்கும் முன்

ஏடிவி, அதாவது பருத்த நாலு டயரில் கரடுமுரடான தடத்தில் ஓடும் திறந்த வண்டி வாங்க கான்-ஆம் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனால் ரெனகேடையும் அவுட்லாண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள். ரெனகேட் ஸ்போர்ட்ஸ் வண்டி, பாயத் தயாராக இருக்கும் பூனை மாதிரி; அவுட்லாண்டர் வேலை வண்டி, முன்னும் பின்னும் கேரியர் சுமந்த பொதிமாடு மாதிரி. மேல் பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தால் பல மாடல்களில் இரண்டுக்கும் அதே ரோட்டாக்ஸ் வி-ட்வின் (இரட்டை சிலிண்டர்) இன்ஜின்தான். போலாரிஸ் கம்பெனியில் ஸ்கிராம்ப்ளரும் ஸ்போர்ட்ஸ்மேனும் இதே போல அண்ணன் தம்பி. அதனால் குதிரைத்திறனை வைத்து ஸ்போர்ட்ஸ் வண்டிக்கும் வேலை வண்டிக்கும் நடுவே முடிவெடுக்கப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கேரியர், ஷாக், சீட், கால் வைக்கும் இடம், டயர் இந்த ஐந்தில்தான் வண்டியின் குணம் பிரிகிறது.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி: வருடத்தில் இந்த வண்டி சுமக்கப் போகிற, இழுக்கப் போகிற மிகப் பெரிய பாரம் எத்தனை கிலோ, எத்தனை நாள். இரண்டாவது: பாரம் இல்லாமல் எத்தனை நாள், எப்படிப்பட்ட தடத்தில் ஓட்டுவீர்கள். முதல் வரியில் "எப்போதாவது கொஞ்சம் விறகு" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கொஞ்சம் எத்தனை கிலோ என்று தெரிய வேண்டும்.

பாரக் கணக்கு

டிரெய்லர் 100 கிலோ, அதில் விறகு 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500. யமஹா கிரிஸ்லி 700-இன் இழுவை வரம்பு 600 கிலோ, ஆகவே இழுவையைப் பொறுத்தவரை தாங்கும். ஆனால் டிரெய்லரின் மூக்கு வண்டியின் கொக்கியை அழுத்தும் எடை ஒன்று இருக்கிறது. ஒழுங்காக அடுக்கினால் அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ. பல கம்பெனிகளின் மேனுவலில் இந்த 50 கிலோ பின் கேரியரின் வரம்பிலிருந்தே கழியும். கிரிஸ்லியின் முன் கேரியர் 50 கிலோ, பின் கேரியர் 90 கிலோ. அப்படிக் கழித்தால் டிரெய்லர் மாட்டியபின் பின்னால் மிஞ்சுவது 40; கொக்கிக்கு மேனுவலில் தனி வரம்பு இருந்தால் அதையும் மீறக் கூடாது. அதில் பெட்ரோல் கேனும் செயின்சாவும் வைத்தால் ஏறக்குறைய முடிந்துவிடும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-இல் முன்னால் 41, பின்னால் 82 கிலோ. இடம் இன்னும் குறுகும். ஓட்டுபவரையும் சேர்த்து வண்டி சுமக்கக்கூடிய மொத்த எடை தனியாக ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும். அதையும் மீறக் கூடாது.

ஸ்போர்ட்ஸ் வண்டியில் இந்தக் கணக்கே வராது. ரெனகேடின் பின்பக்கம் ஒரு சிறு பை கட்டத்தான் இடம். கடையில் வாங்கிய கேரியரை மாட்டலாம், ஆனால் கேரியர் தாங்கினாலும் அடியில் உள்ள ஸ்பிரிங் அந்த எடைக்காகச் செய்யப்பட்டதல்ல. இழுவை எடை எவ்வளவு என்று மேனுவலில் தேடுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால், இழுக்காதீர்கள் என்றே அர்த்தம்.

சரிவில் இறங்கும்போது இது விளையாட்டு இல்லை. 350 கிலோ வண்டியும் 80 கிலோ ஆளும் சேர்ந்து 430. பின்னால் பிரேக் இல்லாத 500 கிலோ டிரெய்லர். வண்டியை விட வால் கனம். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், பின் டயர் வழுக்கும், வண்டி குறுக்கே திரும்பும். இறக்கம் தொடங்கும் முன்பே லோ கியருக்கு மாறிவிட வேண்டும், நடு இறக்கத்தில் மாற்ற முயலக் கூடாது.

பின் சக்கரங்களும் ஷாக்கும்

வாங்குகிறவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது. ஆனால் வித்தியாசம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

இப்போதைய ஸ்போர்ட்ஸ் 4x4-களில் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். வேலை வண்டிகளிலும் பெரும்பாலானவை இப்போது அப்படித்தான். ஹோண்டா ஃபோர்மேன் 520 போன்ற சில வண்டிகள் மட்டும் இன்னும் பின்னால் ஒரே திட ஆக்சிலை வைத்திருக்கிற பழைய வழிக்காரர்கள். கல்லும் வேரும் நிறைந்த தடத்தில் திட ஆக்சில் முதுகை உடைக்கும். நடுவில் தொங்கும் ஆக்சில் கல்லில் இடிக்கும். அதற்கு ஈடாக ஒரு நன்மை உண்டு: கொக்கியில் பாரம் ஏறி வண்டியின் பின்புறம் அமுங்கினாலும் ஆக்சிலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையாது. தனித்தனி சஸ்பென்ஷனில் பாரம் ஏற ஏற வண்டியின் வயிறே தரையை நோக்கி இறங்கும். காலியாக நிற்கும்போது 28 செ.மீ. கிளியரன்ஸ் என்று அச்சிட்டிருப்பதை, பாரத்தோடு அப்படியே எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்போர்ட்ஸ் வண்டியின் ஷாக்கில் பக்கத்தில் தனி கேஸ் டப்பா, கம்ப்ரெஷன் திருகு (அமுங்கும் வேகத்துக்கு), ரீபவுண்ட் திருகு (திரும்பி எழும் வேகத்துக்கு) எல்லாம் இருக்கும். விலை வித்தியாசத்தில் பெரும் பகுதி இதற்குத்தான். குண்டும் குழியுமான தடத்தில் மணிக்கு 60 கிலோமீட்டரில் அரை மணி நேரம் தொடர்ந்து போனால் சாதாரண ஷாக்கின் எண்ணெய் சூடாகி நுரைத்துத் தளர்ந்துவிடும். பின்புறம் துள்ளத் தொடங்கும். தனி டப்பா உள்ளது அந்தச் சூட்டைத் தாங்கும். நீங்கள் அந்த வேகத்தில் போகப் போவதில்லை என்றால் அந்தக் காசு வீண்.

எந்த வண்டியாக இருந்தாலும் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பாருங்கள். டேப் ஒன்று போதும். வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில் சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபிரேமில் ஒரு புள்ளி வரை அளவெடுங்கள். பிறகு இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், வழக்கமான பாரம் எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அதே இடத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த டிராவலில் (சக்கரம் ஏறி இறங்கும் முழுத் தூரத்தில்) கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம், 25 செ.மீ. டிராவல் என்றால் 6 முதல் 8 செ.மீ. அதைவிட அதிகம் அமுங்கினால் ஸ்பிரிங் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை ஏற்ற வேண்டும். கடைசிப் படி வரை ஏற்றியும் 10 செ.மீ. அமுங்கினால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஆகாது.

நாலு சக்கரமும் எப்போது இழுக்கிறது

"ஃபோர் வீல்" என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்கு ஒரு விதமாக வேலை செய்யும். போலாரிஸில் சுவிட்சைப் போட்டாலும் பின் சக்கரம் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் முன் சக்கரம் சேரும். சேர்ந்தால் இரண்டும் ஒன்றாக இழுக்கும். இதில் ஒரு குறை: ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது முன் சக்கரம் தனியாகச் சுழலும், இன்ஜின் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டுமே போகும். மலைச்சரிவில் வேலை இருந்தால் நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பிரேக் தரும் இறக்கக் கட்டுப்பாடு உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். கான்-ஆமின் விஸ்கோ-லாக் முன் சக்கரங்களில் ஒன்று சிறிது வெற்றாகச் சுழன்ற பிறகே இரண்டையும் பூட்டும். யமஹா கிரிஸ்லியில் டூ வீல், ஃபோர் வீல், டிஃபரன்ஷியல் லாக் (முன் சக்கரம் இரண்டையும் ஒன்றாகப் பூட்டுவது) என மூன்று நிலை; லாக் போட்டால் ஹேண்டில் கனக்கும், சேற்றிலிருந்து மெதுவாக வெளியேற மட்டும்.

எந்த வகையானாலும் சக்கரம் வெறித்தனமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது சுவிட்சைப் போடாதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு, சக்கரம் நின்றபின் போடுங்கள். இந்த அவசரத்தால் முன் டிஃபரன்ஷியல் உடையலாம்.

பெல்ட்

ஹோண்டாவின் ஃபோர்மேன், ரூபிகான் போன்றவற்றில் கியர். மற்றதில் பெரும்பாலும் ரப்பர் பெல்ட்டில் ஓடி, வேகத்துக்கேற்பத் தானாக விகிதம் மாறும் சிவிடி. பெல்ட்டைக் கொல்வது வேகமல்ல, ஹை கியரில் மெதுவாகப் போவது. மணிக்கு சுமார் 11 கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்து போனால், பாரம் இழுத்தால், செங்குத்தாக ஏறினால், பிக்கப் டிரக்கில் ராம்ப் வழியாக ஏற்றினால் லோ போடுங்கள். அசையாத மரத்தண்டை ஹை கியரில் இழுத்துக்கொண்டே திராட்டிலை அழுத்திப் பிடித்தால் புல்லி ஒரே இடத்தில் உரசி பெல்ட்டின் இடுப்பைக் குடைந்துவிடும். அப்புறம் கிளம்பும்போதெல்லாம் ஒரு உதறல் வரும். அது சரியாகாது, பெல்ட்டை மாற்ற வேண்டியதுதான். புதுப் பெல்ட் போட்டால் முதல் 80 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள்.

ஓடையில் இறங்கி பெல்ட் பெட்டிக்குள் நீர் புகுந்தால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. நியூட்ரலில் போட்டு, பெட்டியின் அடியிலுள்ள வடிகால் அடைப்பானைத் திறந்து, திராட்டிலைச் சிறிது சிறிதாகத் தட்டி நீரை வெளியேற்றுங்கள். பிறகு லோவில் மெல்ல நகர்த்திப் பாருங்கள்.

ஏறி நின்று பார்ப்பது

ஸ்போர்ட்ஸ் வண்டியின் சீட் நடுவில் ஒடுக்கமாக இருக்கும். ஓட்டுகிறவர் பெரும்பாலும் நின்றுகொண்டே, முழங்காலால் வண்டியைக் கவ்விப்பிடித்து உடம்பைப் பக்கவாட்டில் சாய்ப்பார். வேலை வண்டியில் சீட் அகலம்; நாள் முழுக்க உட்கார்ந்து, இறங்கி, ஏறி வேலை செய்ய அதுதான் சுகம். ஷோரூமில் மூன்று விஷயம் செய்து பாருங்கள். நின்று முழங்காலைச் சேர்த்துப் பிடிக்க முடிகிறதா. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் கட்டைவிரல் திராட்டிலை எட்டுகிறதா, முழங்காலில் இடிக்கிறதா. பின்னால் கேரியரைத் தாண்டிக் காலை வீசி ஏற முடிகிறதா. மூன்றாவது சிரிப்பாகத் தோன்றும். பனிக்கால உடையோடு ஒரு நாளில் நாற்பது முறை ஏறி இறங்கினால் தோன்றாது.

பவர் ஸ்டியரிங் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: வேண்டும். கல்லில் மோதும் உதறலை அது மணிக்கட்டுக்கு வராமல் தடுக்கும், பனி தள்ளும்போது தோள் வலியைக் குறைக்கும்.

பின்னால் ஆள் ஏற்றுவது தனிக்கதை. ஒற்றை ஆள் வண்டியில் இன்னொருவரை ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி ஏற்றத்தில் பின்னால் கவிழும். இரண்டு பேருக்கென்றே வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களின் இடைத்தூரம்) நீட்டிய மாடல் உண்டு. அவுட்லாண்டரின் வீல்பேஸ் 129.5 செ.மீ.; இரண்டு பேருக்கான மேக்ஸ் மாடலில் 149.9 செ.மீ. ஸ்போர்ட்ஸ் வகையில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த அளவு வண்டிகள் எதுவுமே வேண்டாம்.

அகலமும் சட்டமும்

அமெரிக்க வனத்துறையின் பல தடங்களில் 50 அங்குலம், அதாவது 127 செ.மீ. அகலம்தான் எல்லை. வழக்கமான ஏடிவி 122 செ.மீ. சுற்றளவில் இருப்பதால் போகலாம். போலாரிஸ் ஸ்கிராம்ப்ளர் எக்ஸ்பி 1000 எஸ் 55 அங்குல அகலம். திருப்பத்தில் கவிழாமல் நிற்கும், ஆனால் அந்தத் தடங்களுக்குள் நுழைய முடியாது. வாங்கிய பிறகு தெரிந்தால் வருத்தம்தான் மிஞ்சும். சத்தமான சைலன்சர் மாற்ற ஆசைப்படுபவர்கள் கலிஃபோர்னியாவில் 96 டெசிபல் எல்லையையும் நினைவில் வையுங்கள்.

கனடாவின் ஒன்டாரியோவில் இருப்பவர்கள்: ஏடிவி அனுமதிக்கப்பட்ட சாலையில் வேக எல்லை 50 அல்லது அதற்குக் கீழ் என்றால் நீங்கள் 20-க்கு மேல் போகக் கூடாது, அதற்கு மேற்பட்ட சாலையில் 50. அங்கே ரெனகேடின் 1000 சிசி எதற்கும் உதவாது. இந்தியாவில் ரிசார்ட் தடங்களில் வாடகைக்கு ஓடுவது பெரும்பாலும் செயினில் ஓடும் சிறிய டூ வீல் டிரைவ் வண்டிகள். இந்தக் கட்டுரையின் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ டிராக்டராகப் பதிவு செய்து சாலையில் ஓட்டும் வடிவில் அங்கே விற்றார்கள். அது வேலை வண்டி வகைதான்.

பழைய வண்டி என்றால்

கிலோமீட்டரை மணி மீட்டர் (இன்ஜின் ஓடிய மணி) காட்டும் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 3,000 கி.மீ., 200 மணி என்றால் சராசரி 15. தடத்தில் ஓடிய வண்டி. 3,000 கி.மீ., 600 மணி என்றால் சராசரி 5. பனி தள்ளியோ பண்ணையில் நின்று உறுமியோ காலம் கழித்தது. இன்ஜினுக்கு 600 மணியின் தேய்மானம் இருக்கும், ஓடோமீட்டர் அதைச் சொல்லாது.

முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இடமும் வலமும் ஆட்டினால் டை ராடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) தேய்ந்திருப்பது தெரியும். ஆக்சில் பூட் (மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். ஸ்போர்ட்ஸ் வண்டியில் ஏ-ஆர்ம் (சக்கரத்தை ஃபிரேமோடு பிடிக்கும் கை) வெல்டிங்கில் விரிசலையும் ஷாக் மாட்டும் காதில் நீள்துளையையும் தேடுங்கள், குதித்துக் குதித்து இறங்கியதன் அடையாளம் அது. வேலை வண்டியில் கேரியரின் வெல்டிங்கும் கொக்கித் தகடும் வளைந்திருக்கும்.

டயர் பெரிதாக மாற்றியிருந்தால் விலையைக் குறையுங்கள். 26 அங்குலத்திலிருந்து 29-க்குப் போனால் கியர் 11 சதவீதத்துக்கு மேல் நீண்டதற்குச் சமம். பெல்ட்டும் ஆக்சிலும் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கும். காற்றழுத்தத்தைக் கார் கேஜில் பார்க்காதீர்கள். இந்த டயர்கள் 4 முதல் 7 பிஎஸ்ஐ-யில் ஓடுபவை. 5-இல் ஒன்று குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தனியாகக் கிடைக்கும்.

கடைசியாக முன் டிஃபரன்ஷியலின் எண்ணெய்த் திருகைத் திறந்து விரலில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே நீர். திறக்க விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.