இரண்டு சாக்கெட் சர்வரில் பாதி பேண்ட்விட்த்: என் அனுபவம்

ஒரு சாக்கெட்டுக்கு, அதாவது ஒரு பிராசசருக்கு, ஆறு சேனல் டிடிஆர்4-2933 ரேம். கணக்குப்படி பேண்ட்விட்த் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு நகரும் வேகம்) 140.8 ஜிபி/வினாடி, இரண்டுக்கும் சேர்த்து 281. எங்களுடைய டிரையட் சோதனையோ (ஸ்ட்ரீம் என்ற ரேம் வேகச் சோதனையின் ஒரு பகுதி; இரண்டு அர்ரேக்களைப் படித்து மூன்றாவதில் எழுதும்) 110-ஐத் தாண்டவே இல்லை. த்ரெட்டைக் கூட்டினாலும் அதே எண்.

கம்பைலர் ஆப்ஷன்களை மாற்றினேன், ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்தேன். பலனில்லை. அர்ரே அளவு பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவகமான கேஷைவிட நாலு மடங்குக்கு மேல்தான் இருந்தது. ரேம் ஸ்லாட்டுகளும் சரியாகவே நிரம்பியிருந்தன.

கடைசியில் புரோகிராம் ஓடும்போதே, /ப்ராக்கில் அதன் நியூமா_மேப்ஸ் ஃபைலைத் திறந்தேன். எந்த நினைவகப் பக்கம் எந்த சாக்கெட்டின் ரேமில் இருக்கிறது என்று லினக்ஸ் அதில் காட்டும். அர்ரேக்களின் எல்லாப் பக்கங்களும் என்0-வில், அதாவது முதல் சாக்கெட்டின் ரேமில். என்1 என்ற பெயரே அந்த வரிகளில் இல்லை! இரண்டாவது சாக்கெட்டின் ரேம் சும்மா கிடக்க, அதன் கோர்கள் முதல் சாக்கெட்டின் ரேமுக்கு வரிசையில் நின்றிருக்கின்றன.

மாலக் செய்யும்போது, அதாவது புரோகிராம் நினைவகம் கேட்கும்போது, லினக்ஸ் உடனே பக்கம் ஒதுக்குவதில்லை. எந்த கோர் முதலில் எழுதுகிறதோ, வழக்கமாக அதன் பக்கத்து ரேமில்தான் ஒதுக்கும். இந்த புரோகிராமில் தொடக்க மதிப்பு போடும் லூப் ஒரே த்ரெட்டில் ஓடியது. ஸ்ட்ரீமை உருவாக்கிய மெக்கால்பினின் அசல் புரோகிராமில் அந்த லூப்பும் பேரலல்தான் (பல த்ரெட்டுகளில் ஓடும்). யாரோ சுருக்கி எழுதியபோது அது விழுந்துவிட்டது.

அந்த லூப்புக்கும் ஓப்பன்எம்பி பேரலல் ஃபார் (லூப்பை த்ரெட்டுகளுக்குப் பிரித்துத் தரும் கட்டளை) சேர்த்து, தொடக்க லூப், டிரையட் லூப் இரண்டிலும் ஒரே த்ரெட்டுக்கு ஒரே பகுதி கிடைக்கும்படி ஸ்டாடிக் ஷெட்யூல் வைத்தேன். த்ரெட்டுகள் இடம் மாறாதபடி ஓப்பன்எம்பியின் ப்ராக் பைண்ட் அமைப்பை ஸ்ப்ரெட் (கோர்களில் பரப்பி வை) ஆக்கினேன். எண் ஏறத்தாழ இரட்டிப்பானது. அப்பாடா!

281-ஐ எதிர்பார்க்காதீர்கள். சாதாரண ஸ்டோரில் (நினைவகத்தில் எழுதும் கட்டளை) எழுதப்போகும் கேஷ் வரியையும் பிராசசர் முதலில் ரேமிலிருந்து படித்தாக வேண்டும். ஸ்ட்ரீம் அந்தப் படிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.