பிளேட்லெட் குறைவுள்ள பிள்ளையோடு பாலக்காட்டு எல்லை ஊர்களுக்கு வருபவர்களுக்கு

உடலின் எதிர்ப்பாற்றலே, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களை (பிளேட்லெட்) அழித்துவிடும் ஐ.டி.பி. நோயுள்ள பிள்ளையோடு கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துச் சொந்த ஊருக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், நோயின் பெயரும் அண்மைய பரிசோதனை முடிவுகளும் பிள்ளைக்குப் பலன் தந்த மருந்தும் எழுதப்பட்ட மருத்துவர் கடிதத்தை முதலில் எடுத்து வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பள்ளிகள் பல விடுமுறை விடும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் கேரளத்தில் மழையோடு டெங்குவும் பெருகுகிறது. டெங்குவிலும் தட்டணுக்கள் குறையும் என்பதால், பிள்ளையை முதன்முறை பார்க்கும் மருத்துவருக்குப் பழைய எண்ணிக்கை தெரியாமல் காரணத்தைப் பிரித்தறிவது கடினம். வெளிநாட்டில் 20 என்று அச்சாகும் தட்டணு எண்ணிக்கை இங்கே 20,000 என்றோ 0.2 லட்சம் என்றோ வரும், மூன்றும் ஒன்றே. இயல்பான அளவு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை.

எண்ணிக்கையைக் கேட்டதும் தட்டணு ஏற்றச் சொல்லி உறவினர்கள் பதறுவது இயற்கை. ஆனால் ஐ.டி.பி.யில் ஏற்றியவையும் விரைவில் அழிந்துபோவதால், உயிருக்கு ஆபத்தான இரத்தக்கசிவின்போதுதான் பொதுவாக ஏற்றுவார்கள். டெங்குவுக்கென்று பலர் தரும் பப்பாளி இலைச்சாறு இந்நோய்க்கு மருந்தென நிறுவப்படவில்லை.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே கொடுங்கள். மருந்துக்கடையில் பொதுவாகக் கேட்டால் இபுபுரூஃபன் கலந்த சிரப்போ, மெஃபனாமிக் அமிலம் உள்ள மெஃப்டால்-பி போன்றதோ கைக்கு வந்துவிடலாம். இவை இருக்கும் தட்டணுக்களின் வேலையையும் கெடுப்பதால், பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்தே வாங்குங்கள். தசையில் ஊசி போடுவதற்கு முன் நோயைச் சொல்லிவிடுங்கள்.

ஊருக்கு வந்தால் பழனியில் மொட்டையும் காதுகுத்தும் வைப்பது நம் வழக்கம். எண்ணிக்கை தேறும்வரை இரண்டையும் தள்ளிவைக்க வேண்டும் என்பதை, பயணச்சீட்டு எடுக்கும்போதே அம்மாயிக்கும் அப்பத்தாவுக்கும் பொறுமையாக விளக்கிவிடுங்கள். நாள் குறித்து, தாய்மாமன் தோடு வாங்கிய பிறகு மறுப்பது எல்லோருக்கும் மனவருத்தம்.

தலையில் அடிபட்டாலோ, கடும் தலைவலியோடு வாந்தி வந்தாலோ, அழுத்திப் பிடித்தும் மூக்கில் இரத்தம் நிற்காவிட்டாலோ, மலம் கறுத்துப் போனாலோ காலதாமதம் கூடாது. 108 ஆம்புலன்ஸ் இரு மாநிலங்களிலும் உண்டு. பாலக்காடா கோயம்புத்தூரா, எங்கே குழந்தைகளுக்கான இரத்தநோய் மருத்துவர் இருக்கிறார் என்பதை வந்த முதல் நாளே விசாரித்து வையுங்கள். நாய் கடித்தால், இந்நோயைக் காரணம் காட்டி வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவிர்க்கக் கூடாது. நோயைத் தெரிவித்து அன்றே போட்டுக்கொள்ளுங்கள்.